வொர்க்‌ஷாப் ஸ்டூல்

பிள்ளைகளே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெண் வருவாள். பெயர் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. இன்ஜினியரிங் படித்தாள், அவள் வகுப்பில் வேறு பெண்ணே கிடையாது. கையில் ஓர் இரும்புத் துண்டை வைத்து, அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வருவாள்.

ஒருநாள், "அது என்னம்மா?" என்று கேட்டேன்.

"இதை லேத் மெஷின்ல சுத்தவிட்டுக் கடையணுங்க. புடவை சிக்கிக்கும்னு காலேஜ் வொர்க்‌ஷாப்ல என்னைக் கிட்டவே விடல. அண்ணன் பேண்ட்டைப் போட்டுட்டுப் போனேன். பொம்பளப் பிள்ளைக்கு இது லட்சணமான்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு, பார்த்துக்கோன்னுட்டாங்க."

"உட்கார இடமாவது குடுத்தாங்களே."

அவள் முறைத்தாள். "பரீட்சையில நான்தானே கடையணும்? உட்கார்ந்து பார்த்தேன்னு சொன்னா பாஸ் போடுவாங்களா?"

பரீட்சையன்று, புடவைக்கு அடியில் காக்கி பேண்ட் எட்டிப் பார்க்க பஸ்ஸில் ஏறினாள்.

"என்னம்மா, பட்டாளத்துக்கா?" என்றார் கண்டக்டர்.

"கேட் வரைக்கும் புடவை, லேத்துக்கிட்ட பேண்ட்டுங்க. டிக்கெட்டைக் குடுங்க."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, இரும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அன்று கடைய விட்டார்களா, மறுபடியும் ஸ்டூலைக் காட்டினார்களா, தெரியாது. கல்லூரியில் இடம் கொடுத்தவர்களுக்கு, மெஷினில் கை வைக்க விட என்ன தடை? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஸ்டூலை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.