நான்கு மூலையிலும் மஞ்சள்

நாற்பத்தாறு வயது வரை நான் நல்லவள்தானா என்று யாரும் எழுத்தில் கேட்டதில்லை. துபாயில் ஒரு பள்ளிக்கூடம் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை தந்ததும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் ஒரு சான்றிதழ் தர வேண்டும். அது அசல்தான் என்று மாநில அரசு ஒரு முத்திரை வைக்க வேண்டும். அந்த முத்திரை அசல்தான் என்று மத்திய அரசு ஒன்று, அதுவும் அசல்தான் என்று அந்த நாட்டுத் தூதரகம் ஒன்று. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

எல்லாம் மாதக் கடைசிக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவரை அழைத்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடம் மிகுந்த மரியாதையுடன் மெயில் அனுப்பியிருந்தது.

எனக்குப் போக ஆசை. அதை ஒளிப்பானேன்? பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது, பாடம் நடத்தியது எல்லாம் மலையாள ஊருக்கு நடுவே இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவான வலியசாலையைச் சுற்றியே. ஒரு தடவையாவது வேறு ஊரில் என் கையில் என் வீட்டுச் சாவி இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கணவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடம், மகன் பெங்களூரில் படிக்கிறான், காபி போடக்கூடத் தெரியாத மனிதர் தனியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு "சரி"யா? அந்தச் "சரி"க்குள் என்ன இருக்கிறது என்று நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் பக்கத்து வீட்டு மாமியிடம் என்னைப் பற்றிக் கேட்டார்.

"நல்லவதான். என்ன, கோவம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் மாமி, சத்தியத்தின் பக்கம் நின்று.

"கோபத்தின்டெ கோளம் ஈ ஃபாரத்தில் இல்லா மாமி" என்று, கோபத்துக்குப் படிவத்தில் கட்டமே இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

சான்றிதழ் வந்தது. கீழ் மூலையில் நீல மையில் வட்ட முத்திரை, மேலே கையெழுத்து. என்மேல் வழக்கு இல்லை என்று அரசாங்கமே சொல்வதைப் படிப்பது ஒரு தனி சுகம். நான்கு முறை படித்தேன். "குடு, பத்திரமா வெக்கறேன்" என்று கணவர் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு, கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, முத்திரை வைக்கும் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.

கவுண்டரில் இருந்த பெண் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சேச்சி, இது எந்தா? மஞ்ஞளோ?"

மஞ்சளேதான். நான்கு மூலையிலும், ஈரமாகக் குழைத்து, அழகாக ஒவ்வொரு விரல் வைத்திருந்தது. கீழ் மூலையில் அது போலீஸ் முத்திரைமேல் விழுந்து, நீல மை கரைந்து, யாரோ அழித்துத் திருத்தப் பார்த்த மாதிரி பச்சையாக இழுபட்டிருந்தது. இதில் எங்கள் முத்திரை வைக்க வழியில்லை, புதிதாக வாங்கி வாருங்கள் என்று அவள் பாவப்பட்டே சொன்னாள்.

என் கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் மேனேஜர். புது பில் புத்தகமானாலும் புதுத் துணி மூட்டையானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் அந்தக் கடையில் எதுவும் நகராது. முப்பது வருடப் பழக்கம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த வெயிலில் வெளியே வந்து நின்றபோது எனக்கு வேறு என்னவோதான் தோன்றியது. போன் போட்டேன்.

"ஏன்னா, சர்டிபிகேட்டுக்கு மஞ்சள் வெச்சேளா?"

"ஆமா. வெள்ளிக்கிழமையாச்சே. ஸ்வாமிகிட்ட வெச்சு எடுத்தேன்."

"சீல் கலைஞ்சுபோச்சு. திரும்ப முதல்லேர்ந்து வாங்கணும்."

நான் போக வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டாமல் மஞ்சளால் சொல்லிவிட்டார் என்று தீர்மானித்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி சாம்பாரில் உப்புப் போட மறந்தது தற்செயல் இல்லை. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை அவர் கடைக்குக் கிளம்பவில்லை. காய்ச்சல் வந்தாலும் ஷட்டர் திறக்கப் போகிறவர் அவர். "வா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார். போலீஸ் ஸ்டேஷன் படியை இருவரும் சேர்ந்து ஏறியது அதுதான் முதல் தடவை. உள்ளே நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கறைபட்ட காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, மலையாளத்தில் சொன்னார்:

"தெற்று என்டேதாணு, சாரே. இவள் போணம். மாசம் தீருந்நதினு மும்பு போணம்."

தப்பு என்னுடையது, இவள் போக வேண்டும், மாதம் முடிவதற்குள் போக வேண்டும் என்று. என்னிடம் ஒரு "சரி"யோடு நிறுத்திக்கொண்ட மனிதர் போலீஸ்காரரிடம் இரண்டு முறை சொன்னார். நான் சுவரில் இருந்த தேடப்படுவோர் படங்களைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

புதுச் சான்றிதழ் வந்ததும் அவர் அதை உறைக்கு மேலாகத்தான் தொட்டார். முத்திரைகள் ஒவ்வொன்றாக ஏறின. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது தூதரகத்திலிருந்து கூரியர் வந்தது.

துபாயில் பள்ளி அலுவலகத்தில் ஃபைலைத் திறந்து அசலை எடுத்துக் கொடுத்தேன். அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதே சான்றிதழின் ஜெராக்ஸ். நான்கு மூலையிலும் மஞ்சள். இந்தத் தடவை அவர் நகலுக்கு வைத்திருக்கிறார்.

அது இப்போது என் அறைச் சுவரில் இருக்கிறது. தினமும் காலையில் காபி போட்டு முடித்ததும் வீடியோவில் தம்ளரைக் காட்டுகிறார். நிறம் இன்னும் சரியாக வரவில்லை. முத்திரை அலுவலக வாசலில் நின்று அன்று மனசுக்குள் அவர்மேல் நான் போட்ட வழக்கை மட்டும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. என்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று நான்கு முத்திரையோடு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது.