நில்லுங்கோ, தாறன்

ஊர்காவற்றுறையில் நண்டும் மீனும் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் தொலைபேசி எடுத்தவள் நான். வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் என் மேசையில் இருந்த பழைய பெட்டிக்குத்தான் வரும். விளக்கு மின்னும். எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டு, "நில்லுங்கோ, தாறன்" என்று சொல்லி உரியவருக்கு இணைப்பைக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பேன். வேலணையில் என் வீட்டில் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. அம்மா போன பிறகு அங்கே நான் வாயைத் திறப்பது சாப்பிடத்தான்.

இதற்காக யாரும் எனக்குப் பரிதாபப்பட வேண்டாம். எனக்குக் காலை பத்து மணி இருந்தது.

பத்து மணிக்கு நெடுந்தீவிலிருந்து அழைப்பு வரும். "நான் தான்" என்பார். அங்கே எங்கள் கம்பெனிக்கு நண்டு நிறுத்து வாங்குகிறவர். பெயர் சொல்லமாட்டார். தீவாட்களில் பாதிப்பேர் அப்படித்தான், குரலே அடையாள அட்டை. அன்றைய நிறையைச் சொல்வார், எழுதிக்கொள்வேன். பிறகு இரண்டு நிமிடம் வேறு கதை. "கச்சான் காத்துத் துவங்கீட்டுது" என்பார். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார். வெறும் சொதியோடு வந்த நாளிலும் மூன்று கறி சொல்வேன். தனக்கு மட்டும் சமைக்கிறவள் என்று அவருக்குத் தெரிவது எனக்கு வெட்கமாக இருந்தது.

கம்பெனியில் எல்லோரும் எனக்கு அண்ணைதான். மனேச்சர் அண்ணை, ஐஸ் அறை அண்ணை, லொறி அண்ணை. இவரை மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. அவரும் என்னைத் தங்கச்சி என்றதில்லை. முகம் பார்த்ததும் இல்லை. குறிகட்டுவான் துறையில் ஏறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரப் படகுதான். என்ன சாட்டுச் சொல்லி ஏறுவது?

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து புதுத் தொலைபேசி பூட்ட ஒருவர் வந்தார். "அக்கா, இனிக் கதையும் கொம்பியூட்டர் வேலையும் ஒரே வயரிலதான் போகும்" என்றார். நெடுந்தீவில் நிறையைத் தட்டினால் இங்கே திரையில் விழுமாம். ஆளுக்கு ஓர் இலக்கம். அழைக்கிறவர் அதை அழுத்தினால் நேரே அந்த ஆளுக்கே போகுமாம். அழுத்தாவிட்டால் அவர் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளுமாம். என் பெட்டியைக் கழற்றிவிட்டு, என்னை உள்ளறையில் ஒரு திரைக்கு முன்னால் இருத்தினார்கள். அந்த மேசையில் தொலைபேசி இல்லை.

போகுமுன் அவர், அழைக்கிறவர்களுக்குக் கேட்கவென்று என் குரலைப் பதிந்தார். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று தாளில் எழுதித் தந்ததை மூன்று தரம் வாசித்தேன். ரேடியோவில் செய்தி சொல்கிறவள் மாதிரி இருந்தது. "நீங்கள் வழமையாச் சொல்லுறதையே சொல்லுங்கோ அக்கா" என்றார். சொன்னேன்: "வணக்கம். வேண்டிய ஆளின்ர இலக்கத்தை அழுத்துங்கோ. தெரியாட்டி நில்லுங்கோ, தாறன்." ஒரே தரத்தில் சரிவந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையும்.

மறுநாள் பத்து மணிக்கு நெடுந்தீவு நிறை திரையில் விழுந்தது. அவர் குரல் வரவில்லை. முதல் கிழமை பொறுத்தேன். இரண்டாம் கிழமை கோபம் வந்தது. என்னோடு கதைக்க வேண்டும் என்று அவருக்கு இங்கே ஒருவரிடம் கேட்க ஏலாதோ? மனேச்சரின் மேசையிலிருந்து நானே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பதினொரு வருடத்தில் நானாக அவருக்கு எடுத்ததில்லை. இப்போது மட்டும் ஏன் எடுக்கவேண்டும் என்ற வீம்பு. ஆனால் தினமும் பத்து மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிறை விழுந்தால், அவர் இருக்கிறார், சுகமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்துப் புதுத் தொலைபேசிக்காரர் திரும்பி வந்தார். "அக்கா, உங்கட பழைய மேசைக்குப் பதிஞ்ச குரலெல்லாம் சேர்ந்து நிரம்பிப்போச்சு. ஒருத்தரும் கேக்கேல்லை. அழிக்கட்டோ?"

கேட்டுப் பார்ப்பேன் என்றேன்.

"நான் தான்." பிறகு காற்றுச் சத்தம். "ஓம், நிக்கிறன்." நெடுநேரம் ஒன்றுமில்லை. அதோடு அறுந்தது. அடுத்த நாளும் பத்து மணி. "நான் தான். நிக்கிறன்." அதற்கடுத்த நாளும். ஒரு நாள் கேட்டார்: "கோவமோ? ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ?" என் குரலில் பேசியது இயந்திரம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியில் இருந்தது இது: "நான் தான். நாளைக்கு வெளிக்கிடுறன். மன்னாரில அக்காவோட இருக்கப்போறன், இனி இஞ்ச வரமாட்டன். சொல்லிப்போட்டுப் போவம் எண்டு எடுத்தனான். ஒவ்வொரு நாளும் நில்லுங்கோ எண்டியள். நிண்டனான்."

திகதியைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் இதைக் கேட்ட அன்று காலையும் நெடுந்தீவு நிறை வந்திருந்தது, நானும் பார்த்து நிம்மதிப்பட்டிருந்தேன். தட்டிய கை மாறியதை அந்த இலக்கங்கள் சொல்லவில்லை. வந்தவர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மனேச்சரின் மேசைக்குப் போய் நெடுந்தீவு இலக்கத்தை அழுத்தினேன். மன்னார் விலாசமாவது அங்கே யாருக்கும் தெரியுமோ என்று கேட்கத்தான். யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"நான் தான்" என்றேன்.

"நான் தான் எண்டால்? ஆர் கதைக்கிறது?"