அடுப்படி அரியணையும் பன்னிரண்டு குடங்களும்

அடுப்படி மூலையில் நானும் வீட்டம்மாவும் உட்கார்ந்து சாப்பிட ஒரு சிமெண்டு பெஞ்சு கட்டினேன். மெத்தை, ஜன்னல் காற்று, கைக்கெட்டும் தூரத்தில் தோசைக்கல். பார்க்க அருப்புக்கோட்டையே பஸ் பிடித்து வரும் என்று நம்பினேன்.

அங்கிருந்த பன்னிரண்டு தண்ணீர்க் குடங்களையும் கொல்லைக்கு நாடு கடத்தினேன்.

இன்று காலை அரியணையில் மூன்றாவது தோசை. வீட்டம்மா இடுப்பில் குடத்தோடு கொல்லைப் படியேறி வந்தாள்.

"கொண்டா, நான் தூக்குறேன்" என்றேன், எழாமலேயே.

"இருக்கட்டும்ங்க, மகாராசா சாப்பிடுங்க. ஒரு வாரமா ஏறுறேன், முட்டிவலிக்கும் பழகிருச்சு."

"செத்த உக்காரு. ஒனக்கும் சேத்துத்தான கட்டுனேன்?"

"உக்காந்தா நாலாவது தோசைய யாரு சுடுறதாம்?"

தோசை தொண்டையில் இமயமலையாக நின்றது. விழுங்கத் தண்ணீர் தேடினேன். அதுவும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

இப்போது மெத்தையை எடுத்துவிட்டேன். பெஞ்சின் மேல் குடங்கள் பட்டத்து ராணிகளாக வீற்றிருக்கின்றன. மன்னரோ, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்று சாப்பிடுகிறார்.

அவளுக்குத்தான் இன்னும் உட்கார இடமில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள். ஆண்கள் என்றால் மட்டும், உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.