இரண்டாவது தப்பட்டை

யுத்த காலம். காரிமங்கலம் ரோட்டுக்கு ஜல்லி வேண்டுமென்று எங்கள் ஊர்க் கரட்டில் வெடி வைத்துப் பாறை உடைத்தார்கள். கரடு சின்னக் குன்றுதான். ஆனால் பறக்கும் கல் எங்கள் ராகிக் காடு வரைக்கும் வந்து விழும். அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது. திரி கொளுத்துவதற்கு முன்னால் ஒருவர் தப்பட்டை அடிப்பார். அது காதில் விழுந்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் வீட்டுக்குள் போய்விடும். வெடித்து முடிந்து, வேலையாட்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பிய பிறகு இரண்டாவது தப்பட்டை. அதற்கப்புறம்தான் தலையை வெளியே நீட்டுவோம்.

காண்ட்ராக்டருக்கு அது தண்டச் செலவாகப் பட்டது. தப்பட்டைக்காரரை நிறுத்திவிட்டான். அந்த வாரமே, சொல்லாமல் கொள்ளாமல் வைத்த வெடியில், பாறைக்கு மறுபக்கம் உளி பிடித்திருந்த மனிதர் செத்துப்போனார். அவர் என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன். வெடிச் சத்தம் கேட்டபோது அவள் அவருக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கரட்டுப் பாதையில் பாதி தூரம் போயிருந்தாள்.

காண்ட்ராக்டர் என்ன சொன்னான் தெரியுமா? மேஸ்திரி தப்பட்டை அடித்தானாம், ஊரே கேட்டதாம், இவர்தான் குடித்துவிட்டுப் பாறை நிழலில் கிடந்தாராம். கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனிதரை!

அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்கு அவங்க ஒன்னும் தர வேணாங்க்கா. எம்புருசன் குடிக்கலன்னு எளுதிக் குடுத்தாப் போதும்" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அடுத்த சந்தைக்கு நான் காய் வாங்கப் போகவில்லை, ஆள் சேர்க்கப் போனேன். மிளகாய்க் கூடைக்கும் ஆட்டுச் சந்தைக்கும் நடுவில் கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தினேன். ஒரு கூடை ஜல்லிகூடக் கரட்டை விட்டு இறங்கக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு. ஜல்லி ஏற்றும் வண்டிகள் பக்கத்து ஊர்த் தெலுங்குக்காரர்களுடையவை. நான் பேசிய தெலுங்கைக் கேட்டுச் சிரித்தே பாதிப் பேர் சம்மதித்தார்கள். மீதிப் பேரை அவர்கள் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். "உனுக்கு எதுக்குடி ஊர் வம்பு?" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். அன்று அவருக்குக் களி கிண்ட வீட்டில் ஆள் இல்லை. மறுநாள் அவரும் கரட்டடியில் வந்து உட்கார்ந்தார்.

ஒரு வண்டி நகரவில்லை. எனக்கானால் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் ஒரே பேச்சில் நிற்பதை அதுவரை நான் கண்டதே இல்லை. யுத்த நேரத்தில் ரோடு நின்றால் மேலே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார்.

ஊர்ப் பொதுத் திடலில் நாற்காலி போட்டார்கள். அன்றைக்குத் தப்பட்டை கேட்கவில்லை என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். காண்ட்ராக்டர் சிரித்தான். "தெனமும் கேக்கற சத்தம் சார், இவங்க காதுல எங்க ஏறுது? வேலையில கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றான். அதிகாரியும் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! கூட்டத்தின் ஓரத்தில் தப்பட்டையோடு நின்றிருந்த அந்தப் பழைய தப்பட்டைக்காரரைப் பார்த்து, "அண்ணா, அடிங்க!" என்று கத்தினேன்.

அடித்தார். அடுத்த நிமிஷம் திடலில் ஆள் இல்லை. சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் ஓடினார். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தாமாகவே கொட்டகைக்குத் திரும்பின. காண்ட்ராக்டரை ஏற்றிவந்த வண்டிக்காரன் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். அடிக்கச் சொன்னவளே நான்தான், நானும் யார் பிள்ளையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்! வாசலுக்குப் போன பிறகுதான் புத்தி வந்தது.

வெட்கத்தோடு எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். அதிகாரி சிரிக்கவில்லை. எதிர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் பக்கத்து வீட்டுக்காரி கதவைப் பிடித்தபடி கரட்டுப் பாதையைப் பார்த்து நின்றிருந்தாள்.

"அந்தம்மா ஏன் இன்னும் நிக்கறாங்க?"

"ரெண்டாவது தப்பட்டை அடிக்கலீங்களே சாமி" என்றேன். "புருசன் கரட்டுல இருந்தா, அதைக் கேக்கற வரைக்கும் அவ வாசல்லதாங்க நிப்பா. அன்னிக்கு மொதல் தப்பட்டை அடிச்சிருந்தா, கூழை எடுத்துக்கிட்டு கரட்டுக்குப் போயிருப்பாளுங்களா?"

அதிகாரி தப்பட்டைக்காரர் பக்கம் திரும்பினார். "சரிப்பா, ரெண்டாவதையும் அடிச்சிடு."

அவர் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "எல்லா ஆளும் திரும்பி வந்தாத்தாங்க சாமி அதை அடிக்கறது. அந்த வூட்டு ஆளு இன்னும் வரலீங்களே."

காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தான். நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

சில வாரங்களில் முடிவு வந்தது. எச்சரிக்கை செய்யாமல் வெடி வைத்தது காண்ட்ராக்டரின் குற்றம், இறந்தவர் குடித்திருந்தார் என்பது பொய் என்று ஊர்ப் பொதுவில் எல்லார் காதிலும் விழப் படித்தார்கள். கூட்டம் போட்ட கூச்சலில் கரட்டுக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன. அவள் மட்டும் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.

தப்பட்டைக்காரர் அவள் பின்னாலேயே போனார். அவள் வாசலுக்கு எதிரே நின்று, இரண்டாவது தப்பட்டையை அடித்தார்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு உள்ளே போனாள்.