தபால் பெட்டியில் ஐந்து பெயர்

பசிலியா நொராலெஸ் தன் கணவனைப் பறிகொடுத்தது பிப்ரவரியில். அந்தச் சாவு அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே, கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிவிட்டது என்பேன் நான். இல்லை என்கிறவர்கள் ஐந்து மாடி ஏறிப் போய் அவளிடம் சொல்லட்டும்.

எங்கள் கட்டடம் பிராங்க்ஸில், தூண்களின் மேல் ரயில் ஓடுகிற பாதைக்குப் பின்தெருவில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. நான் இரண்டாவது மாடி, அவள் ஐந்தாவது. இருவரும் ஹோண்டுராஸ் கடற்கரையில் ஒரே ஊர், ஆப்பிரிக்க வழிவந்த கரிஃபுனா சனம். அவள் மகளுக்கு நான்தான் ஞானத்தாய். அதனால் அவளுக்கு நான் கொமாத்ரே, எனக்கும் அவள் கொமாத்ரே. மகள் கல்யாணமாகி ஹூஸ்டன் போய்விட்டாள். மேலே பசிலியாவும் அவள் கணவன் மர்செலினோவும் மட்டும்.

மர்செலினோ கப்பலில் வேலை பார்த்தவன். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு உடம்பு. சர்க்கரை முதலில் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு காலைத் தின்றது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வண்டி வாசலுக்கு வரும், படி ஏறி வராது. ஐந்து மாடி இறக்குகிறவன் வில்மர்.

வில்மர் சுவாசோ எங்கள் ஊர்க்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டட வேலை. மூன்றரைக்கு வேலை முடிந்ததும் சுண்ணாம்புத் தூசியோடு வந்து கட்டிலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிவான். மர்செலினோ அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். என் கதவைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு.

"கப்பல் வருது, வழி விடுங்க" என்பான் மர்செலினோ.

"நீங்க சரக்கு, மாமா. கப்பல் நான்தான்" என்பான் வில்மர்.

எட்டு மணிக்குத் திரும்பவும் தூக்கி ஏற்றுவான். அதற்குக் கூலி பசிலியா இடித்துப் போடும் வாழைக்காயும் தேங்காய்ப்பால் மீன் குழம்பும். அவன் இரண்டு தெரு தள்ளி ஒருத்தன் வீட்டு நிலவறையில் தடுப்பு அடித்த அறையில் படுத்துக்கொண்டிருந்தான். அங்கே அடுப்பு இல்லை.

தபால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வருகிறவனுக்குப் படுக்க எங்காவது இடம் கிடைத்துவிடும். மாதத்துக்கு ஒரு இடம் மாறினாலும் படுத்துக்கொள்வான். ஆனால் கடிதம் வந்து சேர நிலையான ஒரு கதவு வேண்டும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஊன்றி இருக்கிறவள் பெட்டியில் மற்றவர்கள் பெயரை ஒட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். இடம் இல்லை என்று சொன்னவளை நான் பார்த்ததில்லை. பசிலியா வயசானவர்களைக் குளிப்பாட்டிக் கவனிக்கிற வேலைக்குப் போகிறவள். பையில் எப்போதும் வெள்ளைப் பிளாஸ்திரி இருக்கும். அதில் எழுதித்தான் ஒட்டுவாள். எனக்கு எழுத்து தெரியாது, வரிசை தெரியும். மேலே இரண்டும் புருஷன் பெண்சாதி, மூன்றாவது வில்மர், கடைசி இரண்டும் எப்போதோ வேறு ஊர் போய்விட்ட பிள்ளைகள்.

ரயிலடியில் பழைய டயர்க் கடையை இடித்துப் பதினான்கு மாடி எழுப்பினார்கள். இந்த நகரத்தில் ஒரு சட்டம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வாடகைக்கு உயரமாகக் கட்டுகிறவன், நாலில் ஒரு வீட்டையாவது குறைந்த சம்பளக்காரர்களுக்கு அவர்கள் தாங்குகிற வாடகைக்கு விட வேண்டும். யாருக்கு என்பது குலுக்கலில். சம்பளம் ஒரு கோட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது, ஒரு கோட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. ஆயிரக்கணக்கில் எழுதிப் போட்டார்கள், பசிலியாவும் போட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவள் எண் வந்தது.

அந்தக் கட்டடத்தில் சுவர்ப்பலகை தூக்கியவன் வில்மர். இந்தச் சட்டத்து வீடுகள் எந்தப் பக்கம், கதவு எத்தனை அகலம் என்று எல்லாம் அவனுக்கு அத்துபடி. "மூணாவது மாடி, அத்தை. சக்கர நாற்காலி குளியலறைக்குள்ளயே திரும்பும். லிஃப்ட் ரெண்டு இருக்கு" என்று சமையலறைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டே காட்டினான். பசிலியா அந்தக் கோட்டை ஒரு வாரம் துடைக்கவில்லை.

காகிதங்களோடு கூப்பிட்டார்கள். போவதற்கு முந்தின நாள் பசிலியா தபால் பெட்டி முன்னால் நின்று மூன்றாவது பிளாஸ்திரியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். யாராவது வந்து பார்த்தால் வீட்டில் ஐந்து பேர் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். கிழிக்காதே என்றேன் நான். அவனுக்குச் சம்பளக் கடிதம் வரும், வரிக் கடிதம் வரும், எல்லாம் திரும்பிப் போய்விடும். கடிதம் வாங்கிக் கொடுப்பது என்ன திருட்டா என்று கேட்டேன். அவள் நெம்பிய முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டாள்.

பெட்டியைப் பார்க்க யாரும் வரவில்லை. வர அவசியம் இருக்கவில்லை. வாடகை அலுவலகத்தில் லோர்னா என்றொரு பெண். கெட்டவள் இல்லை, பசிலியாவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துத்தான் பேசினாள். நான் துணைக்குப் போயிருந்தேன்.

"நீங்க ரெண்டு பேர்னு எழுதியிருக்கீங்க. ஆனா இந்த விலாசத்துல வில்மர் சுவாசோன்னு இன்னொருத்தரும் இருக்காரே?" என்று கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வரி கட்டினதுல இந்த விலாசம், வேலை இடத்துல இந்த விலாசம், பேங்க்ல இந்த விலாசம்."

"அவனோட லெட்டருங்கதான் எங்க வீட்டுல இருக்கு. அவன் இல்ல" என்றாள் பசிலியா.

"அப்ப அவர் எங்க இருக்கார்னு ஒரு காகிதம் வேணும்மா."

அவன் சம்பளத்தைச் சேர்த்தால் இவர்கள் கோட்டுக்கு மேலே போய்விடுவார்களாம். பத்து நாளுக்குள் வில்மரின் வீட்டுக்காரன் கையெழுத்திட்ட கடிதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். வராவிட்டால் வீடு அடுத்த எண்ணுக்குப் போய்விடும்.

வில்மர் அன்று மாலையே தன் வீட்டுக்காரனிடம் போய்க் கேட்டான். நிலவறையை அறை அறையாகத் தடுத்து ஆள் வைப்பது இங்கே குற்றம். அவன் கையெழுத்துப் போட்டால் அது அவனே தன் மேல் எழுதிக் கொடுக்கும் புகார். முடியாது என்றான். வில்மர் இரண்டாம் முறை கேட்டான், மூன்றாம் முறை கெஞ்சினான். நான்காம் முறை போனபோது பூட்டு மாறியிருந்தது, அவன் துணிகள் கறுப்புக் குப்பைப் பையில் வெளியே இருந்தன. அன்றிலிருந்து பசிலியாவின் சமையலறையில், அந்தச் சாக்கட்டிக் கோடு இருந்த இடத்தில் படுத்தான். மூன்று பேர் என்று அலுவலகம் சொன்னது அதன் பிறகுதான் உண்மையானது.

ஏழு நாள் போயிருந்தது. மாதா கோயில் கூடத்தில் இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஒரு தம்பி வழி சொன்னான். என் விலாசத்தை அந்த ஆள் எனக்குத் தெரியாமல் பயன்படுத்தினான் என்று ஒரே ஒரு வரி எழுதிப் பசிலியா கையெழுத்துப் போட்டால் போதும், அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் என்றான். தாளையும் தயார் செய்து கொடுத்துவிட்டான். போடுங்கள் அத்தை என்று வில்மரே சொன்னான். நானும் போடு என்றேன். பொய்ச் சாட்சி என்றால் அது என் கணக்கில் இருக்கட்டும், கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

பசிலியா தாளை மேசையில் வைத்தாள்.

"பேரை எழுதி ஒட்டினது இந்தக் கைதான், கொமாத்ரே. இதே கையால தெரியாதுன்னு எப்படி எழுதுவேன்?"

"அவன் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டான்டி" என்றேன்.

"அவன் நினைக்க மாட்டான். நாளைக்கு அவன் முதலாளி நினைப்பான், வரி ஆபீஸ்காரன் நினைப்பான். பொய் விலாசம் கொடுத்தவன்னு ஆயிடுவான்."

உள்ளேயிருந்து மர்செலினோவின் குரல் வந்தது. "அந்தத் தாளை இங்க கொண்டா."

வாங்கி, நாலாக மடித்து, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். "நான் அவன் முதுகுல ஏறித்தான் வெயிலைப் பாக்குறேன். அவன் மேலயே பழி எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு எப்படி ஏறுறது?" என்றான். பத்தாவது நாள் தாள் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. வீடு அடுத்த எண்ணுக்குப் போயிற்று.

அவள் கையெழுத்துப் போடாதது நியாயம் என்கிறார்கள். நியாயமாகத்தான் இருக்கும். எனக்கு அது போதாது.

ஜனவரியில் வேலை இடத்தில் பலகைக்கட்டு சரிந்து வில்மரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் படுக்கையில். கோயில் ஆட்களைப் பிடித்து மர்செலினோவை நாற்காலியோடு இறக்கினோம். நாலு பேர் வேண்டும், ஒரு நாள் இரண்டு பேர் வருவார்கள், ஒரு நாள் யாரும் வர மாட்டார்கள். பனி கொட்டிய வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ் தவறியது. மூன்றாம் முறை ஆட்கள் வந்தபோது, மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருத்தன் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, மர்செலினோ சுவரில் மோதினான். நெற்றியில் ரத்தம். என் கதவு திறந்துதான் இருந்தது. அன்றைக்குக் கப்பல் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை ஆட்கள் வந்து நின்றபோது அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"நான் இனிமே இறங்கல, பசிலியா. இவங்களைச் சாப்பிட வச்சு அனுப்பு."

மருத்துவமனையிலிருந்து வந்து பேசிப் பார்த்தார்கள். மகள் ஹூஸ்டனிலிருந்து வந்து அழுதாள். அவன் மனது மாறவில்லை. ஒன்பது நாள் இருந்தான். கடைசி மூன்று நாளும் ஊர்க் கடல் பக்கத்தில் இருக்கிற மாதிரியே பேசினான். உயிர் போன பிறகு சவப்பெட்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். இடுப்பில் பட்டை கட்டியிருந்த வில்மர் அவர்களை ஒதுக்கிவிட்டு, துணியில் சுற்றியவனை முதுகில் ஏற்றச் சொன்னான். பசிலியா வேண்டாமென்று கையைப் பிடித்தாள். அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

அவன் போன ஒன்பதாம் இரவுச் செபத்துக்கு ஊர்ச் சனம் எல்லாம் வந்தது. மரவள்ளி ரொட்டியும் காபியும் கொடுத்தோம். படியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வில்மர் மறுநாள் தன் பெயரைப் பெட்டியிலிருந்து உரித்துவிட்டான். என்னால்தான் மாமா போனார் என்று என் கதவில் நின்று சொன்னான். மாலையில் பசிலியா வேலையிலிருந்து வந்தாள், பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தாள், பல்லால் கடித்துக் கிழித்தாள், எழுதி அதே இடத்தில் ஒட்டினாள். மர்செலினோவின் பெயரையும் எடுக்கவில்லை. ஐந்து வரி அப்படியே இருக்கிறது.

அவள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன், அவள் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் செப்டம்பரில் அவள் நகம் பிளாஸ்திரியின் முனையில் இருந்தபோது கிழிக்காதே என்றவள் நான். அதை அவள் ஒரு நாளும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாழைக்காய் இடித்து எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறாள். வில்மர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைக் கொண்டுவருகிறான்.