பிரேதத்துக்கு நன்றி சொன்ன செயலாளர்

என் வீட்டுக்காரர் போன மாதம் ஒரு பிரேதத்துக்கு நன்றியுரை நிகழ்த்தினார்.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. அதாவது... அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டு ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்த முத்துத்தம்பியர் எண்பது தாண்டி, பூட்டப்பிள்ளையும் கண்டு, நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தவர். குறை சொல்ல முடியாத சாவு. எங்கள் பண்டத்தரிப்புப் பக்கத்தில் இரங்கலுரை இல்லாமல் யாரையும் சுடலைக்கு அனுப்புவதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள்கூட அன்று வரிசையில் நிற்பார்கள். மரணசகாய சங்கச் செயலாளர் என்ற முறையில் இவரும் எழுந்தார். சால்வையைச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார்.

“தலைவர் அவர்களே, பெரியோர்களே... தமது பல்வேறு வேலைகளுக்கு மத்தியிலும் எமது அழைப்பை ஏற்று இங்கு சமுகமளித்திருக்கும் அமரர் முத்துத்தம்பி அவர்களுக்கு முதற்கண் நன்றி...”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

இவர் நிறுத்தவில்லை. பந்தல் போட்ட இளைஞர்களுக்கு நன்றி. கதிரைகள் தந்த சனசமூக நிலையத்துக்கு நன்றி. அந்த நிலையத்துக்கும் இவர்தான் செயலாளர் என்பதால், நன்றியைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “அடுத்த வருடம் இதைவிடச் சிறப்பாகச் செய்ய எல்லாரும் ஒத்துழைக்கவேண்டும்” என்று முடித்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். அது முத்துத்தம்பியரின் கதிரை. மரியாதைக்காக எவரும் தொடாமல் விட்டிருந்த கதிரை. சாய்ந்த கையோடு குறட்டை விட்டார்.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நான் நின்றேன். முத்துத்தம்பியரின் மகள் வந்து என் கையைப் பிடித்தாள்.

“பரவாயில்லை அக்கா. ஐயா உயிரோடை இருக்கேக்கை ஒருத்தரும் நன்றி சொல்லேல்லைத்தானே.”

அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும்.

இவர் எப்படி இந்த நிலைக்கு வந்தார்? இவர் பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பிக்கிற ஆசிரியர். அது ஒன்றுதான் சம்பளம் உள்ள வேலை. மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டியவை. சனசமூக நிலையச் செயலாளர் கனடாவுக்குப் போனார் — “மாஸ்டர், நீங்கள் கொஞ்ச நாள் பாருங்கோ.” கோயில் திருவிழா உபயத்தைப் பார்த்தவர் கொழும்புக்குப் போனார் — “மாஸ்டர், நீங்கள்தானே இருக்கிறியள்.” சங்கக்கடை நிர்வாகம், சண்டையால் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் சனங்களுக்கான நிவாரணக் கமிட்டி, மரணசகாய சங்கம்... ஊரில் யார் பெட்டி கட்டினாலும் ஒரு பதவி எங்கள் வீட்டுப் படலைக்குள் நுழையும். விமானம் ஏறுகிறவர்கள் தங்கள் பூட்டுகளின் திறப்பை இவர் கையில் தந்துவிட்டு ஏறினார்கள்.

இவருக்கும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது. அந்த வார்த்தையை இவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் குண்டு போடுகிற பொம்பர் மேலே சுற்றினால் பங்கருக்குள் இறங்குவார். அது போனதும் ஏறி வந்து, விட்ட இடத்தில் இருந்து தீர்மானத்தைத் தொடர்வார். ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன், ஏன் பொய் சொல்ல?

செத்தவீட்டில் இருந்து நாலு பேர் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டார்கள். மறுநாள் எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. காய்ச்சல் கிடையாது. வலி கிடையாது. முகம் வழிக்கவில்லை. யன்னலைப் பார்த்தபடி கிடந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். “நாவூறு பிள்ளை. மனிசன் எல்லாக் கூட்டத்திலையும் முன்கதிரையிலை இருந்தா ஊர்க்கண் படாதோ?” சாத்திரியார் சனி என்றார். இவரோடு படிப்பிக்கிற ஒருவர் பித்தம் என்றார். வேறொருவர் — பெயர் சொல்லமாட்டேன் — “சும்மா பஞ்சி” என்று என் காது படவே சொன்னார். பஞ்சியாம்! பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று தெரியாத மனிசனுக்குச் சோம்பலாம்!

எனக்கு உண்மையில் பயம் வந்தது ஒரு தேத்தண்ணியால்.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டேன். அவ்வளவுதான். ஓம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டிய கேள்வி. இவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு அழுதார். “தெரியேல்லை... எனக்குத் தெரியேல்லை... நீரே முடிவெடும்” என்றார். ஊரின் அத்தனை முடிவையும் எடுத்தவர், தேத்தண்ணி வேண்டுமா என்று முடிவெடுக்க முடியாமல் குழந்தை போல அழுதார். நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதேன். நான் கலியாணம் கட்டிய ஆள் இனித் திரும்பி வரமாட்டாரோ என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருந்து இல்லை, ஆனால் டொக்டர் இருந்தார். நாடி பார்த்தார், கண் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

“பெற்றோல் இல்லை எண்டு மண்ணெண்ணெயிலை ஓட்டிறம். ஓடுதுதானே எண்டு இருக்கிறம். உள்ளுக்கை கரி பிடிக்கிறது தெரியாது. ஒருநாள் நடுறோட்டிலை நிண்டிடும். மாஸ்டருக்கும் உதுதான்.”

“அப்ப என்ன டொக்டர் செய்யிறது?”

“நிப்பாட்டி வையுங்கோ. ஸ்டார்ட் பண்ணுறன் எண்டு ஒருத்தரையும் உதைக்க விடாதேங்கோ.”

டொக்டரின் கண்ணும் சிவந்துபோய்த்தான் இருந்தது. “நீங்கள் எப்ப நிப்பாட்டுவியள்?” என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உதைக்க விடாதே என்றால் சும்மாவா? வருத்தம் பார்க்க வருகிற சாட்டில் ஊரே வந்தது. ஒரு கையில் தோடம்பழம், மறு கையில் ஃபைல். “படுத்தபடியே ஒரு கையெழுத்து, மாஸ்டர்.” “சங்க அலுமாரித் திறப்பு எங்கை, மாஸ்டர்?” படலைக்குக் கொளுவி போட்டு, பக்கத்தில் கதிரையும் போட்டு உட்கார்ந்தேன். தோடம்பழம் உள்ளே போகலாம். ஃபைல் போகக்கூடாது.

எல்லாப் பதவியில் இருந்தும் இவர் விலகுகிறார் என்று தில்லையம்பலம் அண்ணையிடம் சொன்னேன். இவர் செயலாளராக இருக்கிற முக்கால்வாசிச் சங்கங்களுக்கு அவர்தான் தலைவர். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயிலே ஓடாத ஊரில் அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தலைவர் வேலை செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை.

“விலகலாம் பிள்ளை, தாராளமாய் விலகலாம். ஆனா பொதுக்கூட்டம் வைச்சு ஏற்கவேணும்.”

“வையுங்கோவன்.”

“கூட்டத்தைச் செயலாளரெல்லோ கூட்டவேணும்?”

அவர் அடுத்த வாரம் இன்னொரு யோசனையோடு வந்தார். மாஸ்டரின் மனம் சோர்ந்துவிட்டதாம். அதற்கு மருந்து ஒரு பாராட்டு விழாவாம். பொன்னாடை, மாலை, ‘சேவைச் செம்மல்’ பட்டம், அச்சடித்த வாழ்த்து மடல்.

“வாழ்த்து மடலை ஆர் எழுதுறது?”

அண்ணை கொஞ்சம் நெளிந்தார். “மாஸ்டர்தான்... அவர் எழுதினாத்தானே வடிவாய் வரும்.”

படலையைச் சாத்தினேன். மரியாதையாகத்தான் சாத்தினேன், ஆனால் சத்தம் கேட்டிருக்கும்.

படுத்துக் கிடந்தால் தேறிவிடுவார் என்று நானும் நம்பினேன். தேறவில்லை. ஏன் தெரியுமா? உடம்பு கட்டிலில் கிடந்தது. ஆள் கூட்டத்தில்தான் இருந்தார். நித்திரையில் “முன்மொழிபவர்... வழிமொழிபவர்...” என்று முனகுவார். மழை இருட்டினால், பள்ளிக்கூடத்தில் இருக்கிற சனத்துக்குக் கூரை வேயக் கிடுகு காணுமோ என்று கண்ணைத் திறப்பார். வேலை நின்றுவிட்டது, வேலையைப் பற்றிய பயம் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சந்திக்கடை வேலுப்பிள்ளை காலமானார்.

செய்தியை இவரிடம் மறைத்துப் பார்த்தேன். பறைச் சத்தத்தை எப்படி மறைக்கிறது? கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சால்வையைத் தேடினார். தோளில் போட்டார், கழற்றினார். திரும்பப் படுத்தார். “நான் போகாட்டி என்ன நடக்கும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னேரம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இருட்டுகிற நேரம் தில்லையம்பலம் அண்ணை சுடலையில் இருந்து வந்து குளித்த ஈரத்தோடு படலையில் நின்றார். கையில் ஃபைல் இல்லை. உள்ளே விட்டேன்.

“எல்லாம் குழப்பம், மாஸ்டர்” என்று தொடங்கினார். அலுமாரித் திறப்பு கிடைக்காமல் அதற்குள் இருந்த வெள்ளைத் துணிக்குப் பதிலாகத் தன் வேட்டியையே கொடுத்தாராம். பந்தல் ஒரு பக்கம் சரிந்ததாம். இரண்டு பொடியங்கள் கடைசி வரை கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். இரங்கலுரைக்கு ஆள் இல்லாததால் உரையே இல்லையாம். ஒரு மணித்தியாலம் முந்தியே எடுத்துவிட்டார்களாம். சனம் வலு சந்தோசமாம்.

இவர் சுவரில் இருந்து முகத்தைத் திருப்பினார்.

“எரிஞ்சுதோ?”

“ஓம்.”

“வடிவாய் எரிஞ்சுதோ?”

“வடிவாய் எரிஞ்சுது, மாஸ்டர்.”

இவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தேன். அது நிம்மதி இல்லை. இவருக்குக் கோபம்! நான் இல்லாமல் எப்படி எரியலாம் என்கிற கோபம். பத்து வருடமாகத் தன் தோளில்தான் ஊர் நிற்கிறது என்று நினைத்தவரிடம், ஊர் தன் பாட்டில் நிற்கிறது என்று சொன்னால் ரோசம் வராதா?

ஆனால் அன்று முனகல் இல்லை. முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை. விடிந்தும் வெகுநேரம் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டார்.

இதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். மனிசரை விழுத்துவது வேலை மட்டும் இல்லை. ‘நான் இல்லாட்டி நடக்காது’ என்கிற நினைப்பு இருக்கிறதே, அதுதான் மேலே ஏறிக் குந்துகிறது. வேலையை இறக்கி வைக்கலாம், யாராவது எடுப்பார்கள். நினைப்பை இறக்கினால் கொஞ்சம் நோகும். தான் இல்லாமலும் பிணம் எரியும் என்று அறிவது ஒரு ஆம்பிளைக்குச் சின்ன விசயமா?

இவர் ஒரே நாளில் துள்ளி எழும்பவில்லை. முதலில் கிணற்றடி வரை. பிறகு படலை வரை. ஒருநாள் முகம் வழித்தார். அடுத்த நாள் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. போன கிழமை சனசமூக நிலையத்துக்கு நடந்து போய் வாங்கில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தாராம். இத்தனை வருடம் செயலாளராக இருந்து, அங்கே ஒரு பேப்பரை முழுதாக வாசித்தது அதுதான் முதல் தடவையாம். “உள்ளுக்கை நல்ல காத்து வருது” என்று வந்து எனக்கு அதிசயமாகச் சொன்னார்.

போன ஞாயிறு தில்லையம்பலம் அண்ணை மறுபடி வந்தார்.

“செயலாளர் வேண்டாம் மாஸ்டர். போஷகர்! பேர் மட்டும்தான். வேலை ஒண்டும் இல்லை. வந்து குந்தினாக் காணும்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். இதற்கும் நான் பதில் சொன்னால் நான் இவருக்குச் செயலாளராகிவிடுவேன்.

“இல்லை அண்ணை. வேண்டாம்” என்றார் இவர்.

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. வயிற்றுக்குள் சுகமில்லை, மாமியாருக்குத் திவசம் என்று ஒரு சாட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் சாட்டுச் சொல்லாமல் மறுத்ததை நான் கண்ணால் கண்டது அன்றுதான். அண்ணை வாயைப் பிளந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

படலையைச் சாத்திவிட்டு வந்தவர் குசினி வாசலில் நின்றார்.

“இஞ்சாரும்... மனிசன் கோவிச்சிருக்குமோ?”

“ஓம். நல்லாய்க் கோவிச்சிருக்கும்.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் அமர்ந்தார்.

“சரி, கோவிக்கட்டும். எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும். பனங்கட்டி பெரிய துண்டாய்த் தாரும்.”

கேட்டீர்களா? வேண்டுமாம். பெரிய துண்டாம்! வீட்டில் இருந்தது ஒரே துண்டு. அதை அப்படியே இவர் கையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன். இந்த முறையும் புகைதான் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாராவாரம் நான் பேப்பருக்கு எழுதும் இந்தப் பத்தியைப் பட்டணத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இவர்தான். அந்தப் பதவியில் இருந்தும் விலகிவிட்டார். விலகலைக் கூட்டம் இல்லாமலே ஏற்றுக்கொண்டேன். இப்போது நானே மிதித்துக்கொண்டு வருகிறேன். வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போனால், இந்த இடத்தில் ஒரு சவர்க்கார விளம்பரம் வரும், பேப்பர் வழக்கம்போல வெளியாகும், ஒருவரும் கேட்கமாட்டார்கள் — அதை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் ரோசமாகத்தான் இருக்கிறது.