முட்டியில் பூசிய திருநீறு

புனேயில் சென்னை ரயில் ஏறியதிலிருந்து எதிர் சீட்டுக்காரர் ஒரு நிலையில் உட்காரவில்லை. முப்பது வயதிருக்கும், பைக் ரேஸ் ஓட்டுபவராம். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கடி இடப்பக்கம் சாய்ந்தார்.

“டிராக்ல ஒரு வளைவு இருக்குண்ணா. ரெண்டு தடவை அங்கதான் விழுந்தேன். நாளைக்கும் விழுந்தா டீமை விட்டுத் தூக்கிடுவாங்க.”

மனசு கேட்காமல் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் நெற்றியைக் காட்டாமல் பேன்ட்டைச் சுருட்டினார்.

“இடது முட்டியில பூசுங்க.”

“பழநி விபூதிப்பா. கால்லயா?”

“வண்டியைச் சாய்ச்சுத் திருப்புறப்போ தரையில உரசுறது இதுதாண்ணா.”

முட்டியில் புதுத்தோல் இன்னும் சிவந்திருந்தது. தயங்கித் தயங்கி, முருகா என்று பூசிவிட்டேன்.

மறுநாள் அந்த வளைவில் என்ன ஆனதோ, தெரியாது. நான் செய்தது தப்பென்றால் பாவம் எனக்கே வரட்டும், அந்தக் காலுக்கு வேண்டாம்.